குருமாவில் மான் தேடிய நாட்கள்

கிராம்பு வாசம் எங்கிருந்து வந்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. கல்யாண மண்டபத்தின் பின்பக்கம், ரயிலில் யாரோ திறக்கும் டிபன் பாக்ஸ், மழை நாளில் அடுத்த வீட்டு ஜன்னல். மற்றவர்களுக்குப் பசி எடுக்கும் இடத்தில் எனக்குத் தாடை இறுகுகிறது. அந்த வாசத்துக்கு அடியில் என் மூக்கு இன்னொன்றையும் துழாவிக் கண்டுபிடித்துவிடும்: ஃபீனால். பட்டையும் கிராம்பும் தேங்காய்ப்பாலும் ஊறிய ஒரு துண்டுக் கறியைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, டி.என்.ஏ.யைப் பிரித்தெடுக்க ஃபீனால் ஊற்றி, கை வலிக்கக் குலுக்கிய தொண்ணூறுகளின் பிற்பாதி அப்படியே எழுந்து என் முன்னால் வந்து நிற்கும்.

நீங்கள் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். ஒரு செதில், ஒரு பூச்சி இறகு, ஒரு கரண்டிக் குழம்பு, எதைக் கொடுத்தாலும் அதன் டி.என்.ஏ.யில் ஒரு சின்னப் பகுதியைப் படித்து, ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் மாதிரிகளோடு ஒப்பிட்டு, இது இன்ன உயிரினம் என்று மதியச் சாப்பாட்டுக்குள் சொல்லிவிடுகிறீர்கள். பார்கோடு என்கிறீர்கள், கடையில் சோப்புக்கட்டியின் முதுகில் இருக்கும் கோடுகளைப் போல. எங்கள் காலத்தில் அந்தப் பெயர் வந்திருக்கவில்லை. வேலை இதேதான். மெதுவான வேலை. நான்கு வரிசை ஏணி மாதிரி கறுப்புக் கோடுகள் விழுந்த எக்ஸ்ரே ஃபிலிமை விளக்குப் பெட்டியின் மேல் விரித்து, ஒருவர் கீழிருந்து மேலாக எழுத்து எழுத்தாக வாசிப்பார், இன்னொருவர் எழுதிக்கொள்வார். ஏ, டி, டி, ஜி, சி. ஏதோ பாராயணம் நடக்கிறது என்று வாசலில் போகிறவர்கள் நினைப்பார்கள்.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போன என்னைக் கூப்பிட்டு, புதியவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் என்றார்கள். நல்ல வார்த்தை என்னிடம் கையிருப்பு இல்லை. ஒரு கோபம் இருக்கிறது, இன்னும் ஆறாமல். அதைத் தருகிறேன்.

அடையாறில் ஒரு ஆய்வுக்கூடம். பெயர் வேண்டாம். எங்கள் பிரிவுக்கு ஒரு தலைவர் இருந்தார். சார் என்று மட்டும் சொல்வோம். கெட்டவர் என்று சொல்ல முடியாது. காலையில் முதலில் வருவார், எல்லோருக்கும் பிறந்தநாள் ஞாபகம் வைத்திருப்பார். அவருக்கு ஒரே ஒரு வாக்கியத்தின் மேல் அளவு கடந்த பிரியம்: "மிஷின் பொய் சொல்லாது." ஒரு மனிதன் ஒரு வாக்கியத்தோடு கல்யாணம் செய்துகொண்டால் என்ன ஆகும் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

கோடம்பாக்கத்தில், ஸ்டூடியோக்களுக்குப் பின்னால் ஒரு சந்தில், குப்பைத்தொட்டியில் புள்ளிமான் தோல் ஒன்று கிடைத்தது. யாரோ எங்கோ ஒரு மானைக் கொன்றிருக்கிறார்கள். பத்திரிகைகள் குதித்தன. பிடித்தாக வேண்டும், உடனே யாரையாவது பிடித்தாக வேண்டும். இரண்டு தெரு தள்ளி ஒரு மெஸ் இருந்தது. சரோஜா என்ற பெண்மணி நடத்துவது. லைட்மேன்கள், டான்சர்கள், கூட்டத்தில் நிற்கிற துணை நடிகர்கள் சாப்பிடும் இடம். அங்கே குருமா பிரசித்தம். வனத்துறை ஜீப்பில் வந்தவர்கள் குருமாச் சட்டியை மூடி, சீல் வைத்து, சட்டியோடு சரோஜாவையும் கொண்டுபோனார்கள். தோல் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் கறி வேகும் அடுப்பு அது. காரணம் அவ்வளவுதான்.

சட்டி எங்களிடம் வந்தது. கேட்டிருந்த கேள்வி ஒன்று: இது மானா?

வேகவைத்த கறியிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது எப்படி என்றெல்லாம் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை; உங்களுக்குத் தெரியும். வந்தது. படித்தோம். எங்கள் குளிர்பெட்டியில் 'புள்ளிமான்' என்று எழுதிய ஒரு புட்டி இருந்தது, நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே சார் சேகரித்து வைத்த மாதிரி. அதன் எழுத்து வரிசையோடு குருமாவின் வரிசையை ஒப்பிட்டோம். ஓர் எழுத்துகூட மாறாமல் பொருந்தியது. 'மாதிரி புள்ளிமானுடன் முழுமையாகப் பொருந்துகிறது' என்று அறிக்கை போயிற்று. வேலை பார்த்தவள் என்று என் கையெழுத்து, சரிபார்த்தவர் என்று அவர் கையெழுத்து. மறுநாள் செய்தித்தாளில் சாருடைய படம். கையில் ஒரு கண்ணாடிக் குழாய், முகத்தில் அந்த வாக்கியம். பக்கத்துப் பத்தியில் 'மான் கறி மெஸ்' என்று கொட்டை எழுத்து.

சரோஜாவுக்கு ஜாமீன் கேட்டார்கள். எங்கள் அறிக்கையைக் காட்டி மறுத்தார்கள். கவனியுங்கள், தோலைக் காட்டி இல்லை. எங்கள் அறிக்கையைக் காட்டி.

அவருடைய கணவர் தேவராஜ் எங்கள் வாசலுக்கு வர ஆரம்பித்தார். உயரமான மனிதர், அடர்த்தியான மீசை, அந்த மீசைக்காகவே படங்களில் கான்ஸ்டபிளாகவும் கைதியாகவும் நிறுத்திவைக்கப்பட்டவர். செக்யூரிட்டி உள்ளே விடமாட்டார். நான் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது வேப்ப மரத்தடியிலிருந்து எழுந்து வருவார்.

"மேடம், ஆடு மேடம் அது. ஆடு ஆடுன்னு தலபாடா அடிச்சிக்கினு கீறேன், ஒர்த்தனும் காதுல வாங்க மாட்டேன்றான்."

"டெஸ்ட்டுல அப்படித்தாங்க வந்திருக்கு."

"இன்னா டெஸ்ட்டு? படத்துல நான் எத்தினி தபா ஜெயிலுக்குப் போய்க்கிறேன் தெரியுமா? சாயங்காலம் பேட்டா குட்த்து வூட்டுக்கு அனுப்சிருவான். இவள அனுப்ப மாட்டேன்றாங்களே மேடம்."

சொல்லிவிட்டு, தானே சொன்னதற்குத் தானே சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது. நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். மிஷின் பொய் சொல்லாது என்று நானும் அன்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது முறை ஜாமீன் மனு போட்டபோது, அறிக்கை எழுதியவர் நேரில் வந்து விளக்கட்டும் என்று மாஜிஸ்திரேட் சொல்லிவிட்டார். சம்மன் என் பெயருக்கு வந்தது. கூண்டில் ஏறிப் பழக்கமில்லாதவள். வக்கீல் என்னென்ன கேட்பார் என்று ஒத்திகை பார்க்க ஆரம்பித்தேன். ஆடும் மானும் தூரத்துச் சொந்தம், உங்கள் டெஸ்ட்டில் ஆடு மான் மாதிரி தெரியாது என்று என்ன நிச்சயம், என்று கேட்டால்? வாயை அடைக்க ஒரு ஃபிலிம் வேண்டும். ஆட்டின் வரிசை ஒரு பக்கம், மானின் வரிசை ஒரு பக்கம், நடுவே வித்தியாசங்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டு. பத்து எழுத்துக்கு ஒன்றாவது மாறும் என்று புத்தகம் சொல்லும். மாஜிஸ்திரேட் மேஜையில் அதை விரித்துக் காட்ட வேண்டும். எங்கள் அறிக்கையைக் காப்பாற்றத்தான் அந்த வேலையை ஆரம்பித்தேன் என்பதை நீங்கள் மறக்கக் கூடாது.

அதற்கு ஆட்டுக்கறி வேண்டும். மயிலாப்பூரில் வளர்ந்தவள், கறிக்கடை வாசலில் நின்றது அன்றுதான் முதல் தடவை. பொங்கல் முடிந்த ஞாயிறு மாதிரி கூட்டம்.

"இன்னா வேணும்மா? தொடையா, நெஞ்செலும்பா?"

"ஒரு விரல் நுனி அளவு போதுங்க. எதுவானாலும் சரி."

கடைக்காரர் கத்தியை நிறுத்தினார். "விரல் நுனியா? பூனைக்கா?"

"டெஸ்ட்டுக்கு."

"தோ பார்றா! நம்ம ஆட்டுக்கு இன்னாம்மா நோவு? காலைல கூட நல்லாத்தான் கத்திக்கினு இருந்திச்சி." கூட்டம் சிரித்தது. ஒரு துண்டை வாழை இலையில் சுருட்டி, காசு வேண்டாம் என்று கையால் தள்ளினார்.

எங்கள் டெக்னீஷியன் சேகர் ஃபிலிமை வாசிக்க உட்கார்ந்தான். மத்தியானம், ஏ.சி. உறுமல், வெளியே அடையாற்றுக் காக்கைகள். அவன் கறிக்கடை ஆட்டை வாசிக்கிறான். நான் எதிரே குறிப்பேட்டில் மானின் வரிசையை விரலால் தொடர்ந்து வருகிறேன், சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு. முதல் வித்தியாசம் வந்ததும் வட்டமிட வேண்டும்.

"ஏ... சி... டி... டி... ஏ..."

பொருந்துகிறது. சரி, ஆரம்பம்தானே.

"ஜி... ஏ... ஏ... டி... சி..."

பொருந்துகிறது. அடுத்த வரி. அதுவும். விரல் ஊர்ந்துகொண்டே போகிறது, பேனா காற்றில் நிற்கிறது. பாதிப் பக்கம் தாண்டியும் ஒரு வட்டம்கூட விழவில்லை.

"நிறுத்து. நீ எந்த ஃபிலிமை வாசிக்கிறே?"

"ஆடுதான் மேடம். நீங்க வாங்கியாந்த ஆடு."

"மறுபடி கீழேயிருந்து வா."

மறுபடி வந்தான். மறுபடி பொருந்தியது. கடைசி எழுத்தை வாசித்துவிட்டு நிமிர்ந்து என் பக்கத்தைப் பார்த்தான், பேனாவைப் பார்த்தான். "இன்னா மேடம், மானும் ஆடும் ஒண்ணாயிருச்சா?" என்று விளையாட்டாகக் கேட்டவன், என் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். குழாய் மாறியிருக்கும், கை அழுக்காக இருந்திருக்கும். புது மருந்து, புதுக் குழாய், தி.நகரில் வேறு கடை, வேறு ஆடு. முதலிலிருந்து செய்தோம். அதே வரிசை. கறிக்கடை ஆடு, சரோஜாவின் குருமா, எங்கள் குளிர்பெட்டியின் 'புள்ளிமான்' மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்று.

அப்போதுதான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியோடு சாரின் அறைக்குப் போனேன்.

"சார், அந்தப் புள்ளிமான் சாம்பிள் எங்கேருந்து வந்தது?"

"அதுவா? முன்னாடி ஒரு கேஸ் வந்துதே, பைக்ல வெச்சு மான் கறி வித்தவன். அந்தக் கறி."

"அது மான்னு எப்படித் தெரியும்?"

"பிடிச்சவங்க சொன்னாங்க. அவனே ஒத்துக்கிட்டான்மா. ஜூவுல கேட்டா பர்மிஷன் வர ஒரு வருஷம் ஆகும். கைக்கு வந்தத விடுவாங்களா?"

ஆட்டுக்கறியை மான் கறி என்று சொல்லி ஆசைக்காரர்கள் தலையில் கட்டுகிற ஏமாற்றுக்காரன் அவன். மாட்டிக்கொண்டபோதும் பொய்யைக் கைவிடவில்லை. ஆடு என்று சொன்னால் இத்தனை நாள் ஏமாந்து வாங்கியவர்கள் உதைப்பார்கள் என்று மான் என்றே ஒத்துக்கொண்டான், அபராதம் கட்டிவிட்டுப் போனான். அவன் பொய்யை வாங்கி, சாராயத்தில் ஊறப்போட்டு, லேபிள் ஒட்டி, குளிர்பெட்டியில் பூட்டி, இதுதான் மான் என்று உலகத்துக்கு அறிவித்தவர்கள் நாங்கள். அன்றிலிருந்து இந்த ஊரில் வெட்டப்படும் ஒவ்வோர் ஆடும் எங்கள் அறைக்குள் வந்தால் மான். எந்தச் சட்டியைத் திறந்தாலும் மான். எவள் சமைத்தாலும் குற்றம்.

நினைக்க நினைக்க இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு தொலைபேசி, இரண்டு கடிதம், கொஞ்சம் காத்திருப்பு. அதற்குச் சோம்பல். அந்தச் சோம்பலுக்கு மிஷின் என்று பெயர் வைத்து மாலையும் போட்டோம்.

உண்மையான மான் ஒன்று வேண்டியிருந்தது. கிண்டிப் பக்கம் செத்துப்போகும் மான்களை அறுத்துப் பார்க்கும் விலங்கு மருத்துவர் ஒருவரைத் தெரியும், எங்கள் மயிலாப்பூர் மாட வீதிக்காரர். ஃபோன் செய்த மறுநாளே வரச் சொன்னார். போனபோது மேஜையில் ஒரு புள்ளிமான் கிடந்தது. கொம்பு, புள்ளி, குளம்பு, முகம். யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதுவே தன் பெயரைச் சொல்லிக்கொண்டு கிடந்தது.

"வாங்கோ, வாங்கோ. இதப் பாருங்கோ, வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு." கையுறைக் கையால் ஒரு கொத்தை உருவினார். பால் கவர்கள், நீலமும் சிவப்புமாக, ஒன்றோடொன்று முறுக்கிக் கயிறாகிப் போனவை. "நம்மாத்துல தெனம் கத்தரிச்சுக் குப்பையில போடறமே, அதே கவர்தான். மான் செத்துண்டே இருக்கு, கவரைப் போட்டவா மேல ஒரு கேஸ் உண்டோ? குருமா வெச்சவளைப் பிடிச்சுண்டு போயிட்டா."

"அது ஆடு டாக்டர்."

அவர் கொத்தைக் கீழே வைத்தார். "நிச்சயமா தெரியுமா?"

"இதோட ஒப்பிட்டா தெரிஞ்சுடும்."

"அப்போ எடுத்துண்டு போங்கோ. காது, தொடை, நாக்கு, எது வேணுமோ. நான் மானுக்குப் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்து, கையெழுத்துப் போட்டுத் தரேன். நாளைக்கு எவனும் கேக்கப்படாது, எங்கேருந்து வந்ததுன்னு."

பாருங்கள், அவர் கேட்காமலே செய்தார். உடம்பு, முகம், எடுத்தவர் பெயர், எடுத்த இடம். எங்கள் புட்டியில் இல்லாதது அதுதான்.

சேகர் வாசித்தான். இந்த முறை என் சிவப்புப் பேனா ஓயவில்லை. முதல் வரியிலேயே வட்டம், அடுத்த வரியில் இரண்டு, பக்கம் முழுவதும் அம்மை போட்ட மாதிரி வட்டங்கள். மான் வேறு. குருமா வேறு. குருமா ஆடு.

ஓடிப் போய்ச் சொன்னால் எல்லோரும் பதறுவார்கள், அன்றே கோர்ட்டுக்கு ஆள் போகும் என்று நினைத்தேன். ஆய்வுக்கூட இயக்குநர் அறையில் காபி வந்தது. சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இயக்குநர் மிருதுவான குரல்காரர்.

"அவசரப்பட வேண்டாம். மேலும் ஆய்வு தேவைன்னு கோர்ட்டுல சொல்லிடுங்க. பொய்யும் இல்லை, பிரச்சனையும் இல்லை."

"மேலும் என்ன ஆய்வு சார்? முடிஞ்சுடுச்சே."

"ஒரு ஆறு மாசம் எடுத்துக்கலாம்."

"அதுவரைக்கும் அந்த அம்மா?"

கரண்டி காபியில் சுற்றுகிற சத்தம். சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இன்ஸ்டிட்யூட் பேரையும் கொஞ்சம் நினைச்சுப் பாரும்மா" என்றார்.

பெயர்! ஒரு கட்டடத்தின் பெயர் கெடாமலிருக்க, ஒருத்தி சிறைச்சாலைச் சோற்றை இன்னும் ஆறு மாதம் தின்ன வேண்டும். நான் காபியைத் தொடவில்லை. சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. எழுந்து வந்துவிட்டேன். அறையில் கத்தியிருந்தால் எனக்குப் பதில் வேறு யாரையாவது கோர்ட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். கோபத்தை எங்கே செலவழிப்பது என்பதும் நம் வேலையில் ஒரு பகுதி.

கோர்ட்டில் கூட்டம் அதிகமில்லை. சரோஜாவை அன்றுதான் முதலில் பார்த்தேன். குள்ளமான, அகலத் தோள் கொண்ட பெண்மணி, கைகளில் எண்ணெய் தெறித்த பழைய தழும்புகள். என்னை நேராகப் பார்த்தார். நான் யார் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

அரசு வக்கீல் எழுந்தார். "இந்த அறிக்கையில இருக்கறது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாம்."

"அவ்வளவுதான் ஐயா."

சரோஜாவின் வக்கீல் இளைஞர். என்னைப் பிய்த்து எடுப்பார், அப்போது எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று காத்திருந்தேன். அவர் கேட்டார்: "சட்டி உங்ககிட்ட வந்தப்போ சீல் உடையாம இருந்துதா?"

"இருந்தது."

முகம் தொங்கிப்போய் உட்கார்ந்துவிட்டார். அவர் தயார் செய்து வந்த ஒரே கேள்வி அது. நான் ஒத்திகை பார்த்த ஆட்டுக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. இறங்கலாம் என்று குமாஸ்தா கையைக் காட்டினார். கேட்டதற்கு உண்மையைச் சொல்லியாயிற்று. ஒரு பொய்கூடச் சொல்லாமல் அந்தப் பெண்மணியைத் திரும்பச் சிறைக்கு அனுப்பிவிட்டு நான் பஸ் ஏறியிருக்கலாம். எவ்வளவு சுலபம். படி இரண்டே.

நான் இறங்கவில்லை.

"என்னம்மா?" என்றார் மாஜிஸ்திரேட்.

"ஐயா, கையெழுத்து சரி. அறிக்கை தப்பு."

அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். "ஐயா, சாட்சி கேக்காததையெல்லாம் சொல்லிட்டு..."

"நீங்க உக்காருங்க. என்ன தப்பு? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"அந்தக் குருமாவை நாங்க மானோட ஒப்பிடலை ஐயா. மான்னு பேர் எழுதி வெச்ச ஆட்டோட ஒப்பிட்டோம். அதனால பொருந்திச்சு. இப்ப நிஜ மான் கிடைச்சிருக்கு, போட்டோவோட, டாக்டர் கையெழுத்தோட. அதோட பொருந்தலை." ஃபிலிம்களையும் சிவப்பு வட்டங்களையும் மேஜையில் வைத்தேன்.

அவர் குனிந்து வெகு நேரம் பார்த்தார். "அப்ப சட்டியில இருந்தது?"

"ஆடு."

பின்னாலிருந்து ஒரு விசில் பறந்தது. தேவராஜ். தியேட்டர் என்று நினைத்துவிட்டார் போல. கான்ஸ்டபிள் அவர் தோளைப் பிடித்து வெளியே தள்ள, "சார், சார், போறேன் சார், நானும் நம்ம டிபார்ட்மெண்டு தான் சார், படத்துல" என்று சொல்லிக்கொண்டே போனார். மாஜிஸ்திரேட் மட்டும் சிரிக்காமல் எழுதிக்கொண்டிருந்தார்.

ஜாமீன் கிடைத்தது. வழக்கு பிறகு தானாகக் கழன்று விழுந்தது. மானைக் கொன்றவனை யாரும் பிடிக்கவில்லை. பிடித்தாயிற்று என்ற நிம்மதியில் யாரும் தேடவும் இல்லை. என்னைக் கொசுப் பிரிவுக்கு மாற்றினார்கள். கொசுக்கள் நல்லவை, அவற்றுக்குப் பெயரைப் பற்றிக் கவலை கிடையாது. சாரின் படத்தைப் போட்ட பத்திரிகைக்கு நானே போய்ச் சொன்னேன், பார்க்கிறோம் என்றார்கள். ஒரு வரி வரவில்லை.

அன்று கோர்ட் வராந்தாவில் சரோஜா என்னை நிறுத்தினார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்க்கும் அளவுக்கு நான் அசடு.

"ஆடுன்னு கண்டுபுடிக்க இத்தினி நாளா உங்களுக்கு? நான் மொத நாளே சொன்னேன்."

"தப்புதாங்க."

"உள்ள சொல்லிட்ட. உள்ள கேட்டது பத்து பேரு. எங்க தெருவுல யாரு சொல்றது? பேப்பர்காரன் சொல்லுவானா?" குரல் உயரவில்லை. அதுதான் சுட்டது. "புதன்கிழமை மெஸ்ஸ தொறக்கிறேன். மத்தியானம் வந்து உக்காரு."

புதன்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். பஸ்ஸில் போகும்போதுதான் யோசித்தேன், அங்கே நான் என்ன செய்வதென்று. உங்களுக்கு அப்படி ஒரு பஸ் பயணம் வேண்டாம். திரையில் நூறு சதவீதம் என்று மின்னும்போது, எதோடு நூறு என்று கேளுங்கள். அந்த மாதிரியை எடுத்தவர் யார், எந்த உடம்பிலிருந்து, அந்த உடம்பை யார் கண்ணால் பார்த்தார்கள்? பதில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள், உங்கள் சார் எத்தனை பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லியிருந்தாலும். குற்றம் சாட்டுகிறவர் கொண்டுவரும் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். மானா என்று கேட்டார்கள். என்ன இது என்று நாங்கள் கேட்கவில்லை. அடுத்த மேஜையில் ஓர் ஆட்டை வைத்திருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும்.

மெஸ்ஸில் நான்கு பெஞ்சு. நான்கும் காலி. எதிர்ச் சாரியில் ஒரு ஆந்திரா மெஸ் வழிந்தது. தேவராஜ் வெள்ளைச் சட்டையில், மீசையை முறுக்கிக்கொண்டு, வாசலில் வரவேற்பாளராக நின்றார். எனக்கு இலை போட்டார்கள்.

"கறி துன்னுவியா?" என்று சரோஜா கேட்டார்.

"எங்க வீட்ல பழக்கமில்லீங்க."

"பரவால்ல, ரசம் ஊத்திக்கோ. உள்ள வாணாம், வாசப்பக்கம் உக்காரு. தெருவப் பாத்தாப்புல."

உட்கார்ந்தேன். ரசம் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அடுப்பிலிருந்து கிராம்பு. லைட்மேன்கள் கூட்டமாக வந்தார்கள், கழுத்தில் துண்டு, கையெல்லாம் சூட்டுக் காயம். ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாக்கா, தொறந்துட்டியா? இன்னிக்கி புள்ளிமானா, கலைமானா?"

கூட்டம் சிரித்தது. தேவராஜ் முன்னால் பாய, சரோஜா கரண்டியால் அவரைத் தடுத்தார். "தோ குந்திக்கினு கீறாங்களே, மிஷின்ல போட்டுப் பாத்த டாக்டரம்மா. இவங்களையே கேளு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எச்சில் கையோடு எழுந்தேன். "ஆட்டுக்கறிதாங்க. நாங்க சொன்னது தப்பு."

"அட! அப்ப அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா மேடம்?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரும்பாலானவர்கள் எதிர்ச் சாரிக்கே போனார்கள், திரும்பித் திரும்பிப் பார்த்தபடி. வயதான ஒரு லைட்மேனும், அவர் பின்னால் இன்னொருவரும் உள்ளே வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். "குருமா ஊத்துக்கா," என்றார் வயதானவர், தெருவுக்கே கேட்கிற மாதிரி. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

கை கழுவிக்கொண்டு செருப்பை மாட்டினேன். சரோஜா வாசல்வரை வந்தார். எதிர் மெஸ்ஸின் கூட்டத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"நாளைக்கும் வாம்மா."